பாலம் கேட்ட தலை

"...அதுவும் சின்னப் பிள்ளைத் தலையாத்தான் வேணுமாம். அந்தப் பக்கம் எட்டிப் பாத்தே, அவ்வளவுதான்!" என்று சித்தி என் கழுத்தில் விரலால் ஒரு கோடு கிழித்தாள்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து வடிந்திருந்த சமயம். பாலத்துத் தூண் ஒன்றின் அடியை ஆறு அரித்துவிட்டது. அதைப் பலப்படுத்த வந்தவர்கள் மணலில் கொட்டகை போட்டிருந்தார்கள். தலை வாங்காமல் தூண் நிற்காது என்று ஸ்ரீரங்கம் முழுக்க ஒரே பேச்சு. சாக்குப்பையோடு யார் போனாலும், உள்ளே உருண்டையாக ஏதாவது தெரிகிறதா என்றுதான் பிள்ளைகள் நாங்கள் பார்ப்போம்.

எங்களுக்குப் பூ வியாபாரம். தூணுக்கு மாலை சார்த்தாமல் அந்த ஆட்கள் வேலையில் கை வைக்க மாட்டார்கள். தினம் காலையில் மாலை கொண்டுபோகிறவள் சித்தி, அம்மாவின் தங்கை. தலை வெட்டுகிற இடத்துக்குப் போகிறவள் எதற்குத் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு போகிறாள்? எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் பின்னாலேயே போய் நாணல் புதரில் பதுங்கினேன். மாலையை வாங்கிய ஓவர்சியர், அதைச் சுற்றியிருந்த வாழைநாரைப் பிரித்தார். சித்தியை விரல்களைக் குவிக்கச் சொல்லி, கையைச் சுற்றி முடிச்சுப் போட்டார். கழற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்.

ஆளை அளந்த நூலைத் தூணுக்குள் வைத்துப் பூசினாலே போதும், உயிர் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். வளையலுக்கும் அப்படித்தான் அளவெடுப்பார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சாயங்காலம் பூக் கட்டிக்கொண்டிருந்த சித்தியின் மடியில் விழுந்து அழுதேன். "அந்த ஆளு உன்னை அளந்துட்டாரு சித்தி! எங்கயாவது ஓடிப் போயிடு!"

அவள் கை அப்படியே நின்றது. அடுப்படியிலிருந்து அம்மா, "என்னடி அங்க அழுகை?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா, நார் கையை அறுத்துடுச்சாம்."

பிறகு என் காதோரம் குனிந்து, "ஓடித்தான் போகணுங்கிறியா?" என்று கேட்டாள். பலமாகத் தலையாட்டினேன்.

"அம்மாகிட்ட சொல்லுவியா?"

"மாட்டேன்."

சித்தி புது நார் ஒன்றை உருவினாள். என் விரல்களைக் குவித்து, சுற்றி, முடிச்சிட்டாள். "உன் அளவும் எங்கிட்ட இருக்கட்டும்."

ஓட முடியாமல் போனாலும் தூணுக்குள் அவள் தனியாகப் போகப் போவதில்லை என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. சித்தி அந்த நாரைக் கழற்றி, ஏனோ கண் கலங்க, இடுப்பில் செருகிக்கொண்டாள்.