ஜெனரலின் குதிரைக்காரரைப் பார்க்க 270 மைல்

1998 ஏப்ரல், சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு ஹாலில் அப்பா படத்தைக் கும்பிட்டுவிட்டு டெக்சஸின் ஆலனிலிருந்து கிளம்பினேன். ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் சுமார் 270 மைல்.

"பழத்தை மறந்துடாதீங்க. பெரியவர் வீட்டுக்கு வெறுங்கையோடயா போவீங்க? ஃப்ரீவேல பார்த்து டிரைவ் பண்ணுங்க," என்றாள் மனைவி வசந்தி.

பக்கத்து வீட்டு ஹெல்கா ஆன்ட்டிக்குத்தான் இந்தப் பயணம். முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்த அவர் மடியில் அவருடைய அப்பாவின் படம்: குதிரைமேல் ஒரு ஜெர்மன் ஜெனரல்.

எட்டரைக்கு வேக்கோவில் காருக்குப் பெட்ரோல் போட்டேன், கேலன் ஒரு டாலர் மூன்று சென்ட். ஆன்ட்டி ஆங்கிலத்தில் கதையைத் தொடங்கினார். குதிரைப்படையில் வளர்ந்த மனிதர், டாங்கிப் படைக்கு மாறியும் குதிரையை விடவில்லையாம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அவர்மேல் வழக்கு. சரணடைந்தவர்களைச் சுடச் சொன்னார் என்று குற்றச்சாட்டு. "சுட்ட அன்று முழுக்க ஜெனரல் லாயத்தில், நோய்ப்பட்ட குதிரையின் பக்கத்தில் இருந்தார்" என்று குதிரைக்காரர் யோஹான் சாட்சி சொல்ல, விடுதலை. அந்த யோஹான் டெக்சஸில் இருப்பது போன மாதம்தான் தெரிந்ததாம்.

"அந்தக் குதிரையை நினைச்சுத்தான் ஐம்பது வருஷமா நிம்மதியா இருக்கேன். யோஹான் வாயால ஒரு தடவை கேட்டுடணும்," என்றார்.

பதினொன்றரை. ஆஸ்டின் தாண்டி 290ஆம் சாலையில் இருபுறமும் நீலப் பூக்கள். கண்ணாடியை இறக்கினேன். கார் ஓடுகிறதா மிதக்கிறதா என்றே தெரியவில்லை. இப்படி ஒரு புல்வெளியில்தான் அப்பா தன்னைச் சேணத்தில் முன்னால் உட்கார வைத்துப் போவார் என்று ஆன்ட்டி கண்மூடியபடி சொன்னார். எனக்கும் குளம்படி கேட்டது போலிருந்தது.

ஒரு மணிக்கு யோஹான் கதவைத் திறந்தார். எண்பத்தைந்து வயதிருக்கும். ஆன்ட்டி தான் யாரென்று சொன்னார். நான் ஷூவைக் கழற்றி, பழப்பையை நீட்டினேன். ஊர்ப் பழக்கம் சும்மா விடுமா? சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டேன். அட, அமெரிக்காவில் யாராவது இதைச் செய்வார்களா!

மனிதர் நெருப்பை மிதித்தவர்போல் பின்வாங்கினார்.

"வேண்டாம், எழுந்திரு! என் காலையா தொடுறே? நான் பொய்ச்சாட்சி சொன்னவன்." பிறகு ஆன்ட்டியைப் பார்த்தார். "குதிரைக்கு ஒரு நோயும் இல்லை, ஹெல்கா. உங்க அப்பா அன்னிக்கு லாயத்துப் பக்கமே வரலை."



"குதிரையோட பேர் என்ன?" என்று மட்டும் ஆன்ட்டி கேட்டார்.

"லீசல்," என்று சொல்லிவிட்டு யோஹான் அழுதார்.

திரும்பும்போது படம் ஆன்ட்டி மடியில் கவிழ்ந்து கிடந்தது. அதே பூக்கள், அதே வெயில். எனக்கு மனசே ஆறவில்லை.

"சாரி ஆன்ட்டி. நான் குனிஞ்சிருக்கக் கூடாது."

"நீ குனியலைன்னா அந்தக் குதிரையை இன்னும் கொஞ்ச நாள் வச்சிருந்திருப்பேன்," என்றார்.

மாலை ஏழு மணிக்கு வீடு. ஹாலில் அப்பா படத்துக்கு வசந்தி விளக்கேற்றியிருந்தாள். சந்தன மாலை, காக்கிச் சட்டை, விறைப்பான தொப்பி. முப்பது வருடம் போலீஸ் இன்ஸ்பெக்டர்.

"ஏங்க, சாமி கும்பிடலையா?" என்றாள் வசந்தி.

அவர் உயிரோடு இருந்தவரை ஸ்டேஷன் லாக்கப்பில் நடந்ததைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கை கூப்ப வரவில்லை.