அரை டம்ளர் குழாய்த் தண்ணீர்

கலீலுல்லாவுக்கு எரிச்சல் வர இரண்டு பேர் போதும். "பாய், கொஞ்சம் ஸ்பீடு ஏத்திக் குடேன்" என்று டீயில் சர்க்கரை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு வருகிறவன் ஒருவன். ஏற்றிக் கொடுக்கும்வரை பொறுக்காதவன் இன்னொருவன். திருவொற்றியூர் தீனா இரண்டுமாக ஒரே ஆளாய் வந்து சேர்ந்தான்.

டோல்கேட்டில் ஒற்றை ஷட்டர் கம்ப்யூட்டர் கடை போடுவதற்கு முன் கலீலுல்லா ஒன்பது வருடம் டிரெய்லர் லாரிகளுக்கு ரேடியேட்டர் அடைப்பெடுத்தவர். அவருக்கு பிராசஸரும் ஓர் என்ஜின்தான். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டினால் சூடேறும். சூட்டைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தத் தண்ணீர் ஒரு சொட்டு வெளியே வந்தால் மதர்போர்டு காலி. நான்கு வருடத்துக்கு முன் ஒரு கல்லூரிப் பெண்ணின் போர்டு அப்படிப் போனது. அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேசாமல் படியிறங்கினாள். அந்த முதுகு இன்னும் அவர் கண்ணிலேயே இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு சட்டம். குழாய் மாட்டியதும் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட வேண்டும். ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ பேப்பர். எல்லாம் காய்ந்திருந்தால்தான் போர்டுக்குக் கரண்ட்.

தீனாவிடம் அந்த ஒரு நாள்தான் இருந்தது. கிரேன் ஓட்டப் பயிற்சி தரும் ஒரு நிறுவனம் முப்பரிமாணப் படம் ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லியிருந்தது. செவ்வாய் மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்பினால் மாதச் சம்பள வேலைக்கு வாய்ப்பு. இல்லையென்றால் பழையபடி குடோனில் பெட்டி எண்ணுவதுதான். அவனுடைய பழைய கம்ப்யூட்டர் கம்பெனி வேகத்தில் அந்தப் படத்தை ஓட்டி முடிக்க முப்பது மணி நேரம் கேட்டது. நண்பனின் லேப்டாப்பில் காட்சிகளை அடுக்கி முடிக்கவே திங்கள் காலை பத்தாகிவிடும். அதற்குமேல் இருப்பது இருபத்தாறு.

ஞாயிறு காலை எட்டுக்குள் கலீலுல்லா அவன் வீட்டிலேயே எல்லாவற்றையும் மாட்டி, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரைக் குழாயோடு சேர்ந்த கண்ணாடிக் குப்பியில் கோடுவரை நிரப்பி, பம்பை மட்டும் ஓடவிட்டார்.

"இப்பவே போட்டுப் பாக்கலாமே பாய்?"

"டேய், பேஜாரு பண்ணாத. தண்ணி கோட்டுக்குக் கீழ எறங்கிச்சுன்னா லீக்குன்னு அர்த்தம். நாளைக்கு நான் ஸ்விட்சே போடமாட்டேன், சொல்லிட்டேன்."

அடுப்பு மேடையருகே தீனாவின் அம்மா பூவம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மீதித் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு அவர் கிளம்பினார்.

திங்கள் காலை ஏழரைக்கு வந்து ஒவ்வொரு டிஷ்யூவாக விரலால் தொட்டார். அனல்மின் நிலையச் சாம்பல் மெல்லப் படிந்திருந்தது, ஈரம் இல்லை. குப்பியைப் பார்த்ததும்தான் முகம் மாறியது. தண்ணீர் கோட்டில் அப்படியே நின்றது. குழாய்க்குள் மாட்டியிருந்த காற்றுக்குமிழ் வெளியேறினால் முதல் நாள் இரண்டு விரல் இறங்கியே தீரும். எந்த வண்டியிலும் அப்படித்தான்.

"தண்ணி ஏன் கொறையல?"

தீனா அம்மாவைப் பார்த்தான். பூவம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"யம்மா, இன்னா பண்ண?" என்றார் கலீலுல்லா.

"கொறஞ்சிச்சு நைனா. அரை டம்ளர் ஊத்துனேன்."

"எதுலேர்ந்து?"

"கொடத்துலேர்ந்துதான், கொழா தண்ணி. சுத்தத் தண்ணிய நீதான் எடுத்துகினு பூட்டியே."

கலீலுல்லா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உன்ன யாரு ஊத்தச் சொன்னது?"

"கொறஞ்சா ஸ்விட்ச் போடமாட்டேன்னியே! புள்ள வேல பூடும்ல?"

குமிழ் விஷயத்தை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அவர் மிரட்டலோடு நிறுத்திக்கொண்டார்.

"இந்தப் பேப்பரயும் மாத்தினியா?"

"அத்த தொடவே இல்ல. சத்தியமா."

"எல்லாத்தயும் வடிச்சுக் கழுவி மறுபடி டெஸ்ட் போட்டா நாளைக் காலைலதான் ஆரம்பிக்க முடியும்."

தீனா சுவரில் சாய்ந்தான். "அப்ப வுட்ருங்க பாய்" என்றான், மெதுவாக. அந்தக் குரலைக் கலீலுல்லா ஏற்கெனவே அந்தக் கல்லூரிப் பெண்ணின் முதுகில் கேட்டிருக்கிறார்.

தெருக்குழாயில் வரும் உப்புத் தண்ணீர் ரேடியேட்டரை அரிக்கும், ஆனால் ஒரே நாளில் அரிக்காது, மாதக்கணக்காகும். இதை அவர் கண்ணால் பார்த்தவர். டிஷ்யூ காய்ந்திருக்கிறது. பூவம்மா கை வைத்த குப்பி மூடி ஒன்றுதான் பாக்கி. அதைக் கழற்றித் துடைத்து, இறுக்கி, புது டிஷ்யூ சுற்றி ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தார். சொட்டு இல்லை.

"படம் முடியிற வரைக்கும்தான் ஓடும். முடிஞ்சதும் நிறுத்திக் கழுவிடணும்."

வேகத்தைப் படிப்படியாக ஏற்றினார். ஒவ்வொரு படிக்கும் முழுச் சுமை கொடுத்துச் சூடு பார்த்தார். ஆறு படி தாங்கியது. ஏழாவதில் சூடு எண்பத்தைந்து டிகிரியைத் தாண்டியது. உடனே ஒரு படி இறக்கினார்.

"மேல இன்னும் கொஞ்சம்..."

"வாய மூடு தீனா. எழுபத்தெட்டுல நிக்கிது. நாளு பூரா இதுலயே நிக்கணும்."

இந்த வேகத்தில் இருபத்தைந்தே முக்கால் மணி நேரம். சரியாகப் பத்துக்குப் படம் ஓடத் தொடங்கியது.

செவ்வாய் பதினொன்றே முக்காலுக்கு முடிந்தது. பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெட்டியை நிறுத்தி, குழாயைக் கழற்றிப் பக்கெட்டில் வடித்துக்கொண்டிருந்த கலீலுல்லா தலையை நிமிர்த்தவே இல்லை. அரை மணி கழித்து போன் வந்தது. வியாழக்கிழமை நேரில் வரச் சொன்னார்கள்.

பூவம்மா பக்கெட்டை எட்டிப் பார்த்தாள். "ஏன் நைனா, இத்த இன்வெர்ட்டருக்கு ஊத்தலாமா? பாவம், வீணாப் பூடுமே."

"யம்மா!" என்று கத்தினார் கலீலுல்லா. குழாய்களைக் கழுவி, புதிதாகச் சுத்தத் தண்ணீரை ஊற்றி முடித்தார். மிச்சமிருந்த கேனை இந்தத் தடவை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கினார்.