பீங்கானுக்கு வைத்த பொட்டு

முருகையனைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு ஆத்திரம் வரும். அவன் மேல் இல்லை, என் மேல். திருவண்ணாமலையில் பழைய வீட்டு ஒயரிங் என்றால் ஒரு காலத்தில் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

எழுபத்தெட்டில், தீபத்துக்கு நாலு நாள் இருக்கும்போது எங்கள் கூடத்து விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. முருகையன் வந்து ஏணி போட்டான். தாத்தா காலத்து ஒயர், பீங்கான் குமிழ்களைப் பிடித்துக்கொண்டு சுவரோடு போகும். நடுநடுவே துணி மாட்ட அடித்த மர முளைகள். வருஷா வருஷம் தீபத்துக்கு அம்மா எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு அடித்ததில் எது பீங்கான், எது முளை என்றே தெரியாது.

ஸ்குரூ டிரைவர் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டினான். மொத்தென்றால் மரம், கணீரென்றால் பீங்கான். ஒன்று மட்டும் கரகரத்தது.

"இது விரிசல் உட்டுருக்குதும்மா. உள்ள ஒயரும் உதுருது. ஈரம் பட்டா ஆள் போய்டும். மாத்திடலாம்."

"தீபம் முடியட்டும்ப்பா. வூட்டு நெறைய ஜனம் வருது," என்றாள் அம்மா.

"அப்ப தொடாதீங்கன்னு எழுதியாவது வெக்கிறேன்."

"நல்ல நாள்ல செவுத்துல அப்படியா எழுதுவாங்க?"

நான் பெரிய புத்திசாலி அல்லவா! விரிசல் விட்ட அந்தப் பீங்கானில் மட்டும் சிவப்பு பெயின்ட் பொட்டு வை, வருகிறவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

"சொல்லிடுவியா காசி?" இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வைத்தான்.

தீபத்தன்று காலை நான் கடைக்குப் போய்விட்டேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து தங்கியிருந்த ஆராயி அம்மாளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வெள்ளைச் சுவரில் பொட்டு வைத்த குமிழ். சாமி என்று நினைத்து, தண்ணீர் சொட்டும் சாமந்தி மாலையைச் சாத்தியிருக்கிறார். தூக்கி அடித்துவிட்டது. உயிர் பிழைத்தார், வலது கை விரல்கள் வெந்து மடங்கிவிட்டன.

தெருவே கூடியது. பொட்டு வைத்தது யார் என்றார்கள். "முருகையன்தான்," என்றாள் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை. அவனும் என் பெயரைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் அவனை ஏணி போட விடவில்லை.

எண்பத்திரண்டில் வேங்கிக்காலில் பார்த்தேன். யாரோ கட்டும் வீட்டுக்குச் செங்கல் சுமந்துகொண்டிருந்தான்.

"ஆராயி அம்மா கை இப்ப தேவல காசி. போன வாரம் கூட போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"யோசனை என்னுதுன்னு அவங்ககிட்டயாவது சொன்னியா?"

"சொல்லல. சொல்லிட்டா நீ பாக்கப் போறப்ப உனக்குச் சங்கடமா இருக்கும்ல."

நான் இதுவரை போகவில்லை.