பட்டினி போட்ட பாத்தி

ஓர் உலோகத்தை ஆராய்ச்சி செய்கிறவனுக்கு அந்த உலோகத்தைத் தவிர மற்ற எல்லோரும் தொல்லை கொடுப்பார்கள். வயலில் பரிசோதனை நடத்தி நொந்துபோனவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் நான் ஒரு விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் உதவியாளன். உத்திரமேரூர்ப் பக்கம் நட்ட நெல் இருபதாம் நாளிலேயே பழுப்பேறிக் குட்டையாக நின்றுவிடுகிறது, மண்ணில் துத்தநாகம் போதாததுதான் காரணமா, கண்டுபிடி என்று அனுப்பினார்கள். இரண்டு சம்பா போகம் அவகாசம். நிரூபித்தால் தாலுகா முழுக்கத் துத்தநாக உப்பு கொடுப்பார்கள். இல்லையென்றால் பரிசோதனையை மூடிவிடுவார்கள், பயிர் அது பாட்டுக்குப் பழுத்துக்கொண்டிருக்கும்.

வாளிக்குப் பூசுவது

பரிசோதனைக்கு நிலம் கொடுத்தவர் மானாம்பதி கோவிந்தசாமி. பெரிய பண்ணை. வரப்பில் குடையோடு நிற்பாரே தவிர, சேற்றில் அவர் கால் பட்டு நான் பார்த்ததில்லை. மூட்டையைப் பிரித்து அந்த வெள்ளை உப்பைக் காட்டினேன். இரும்பு வாளி துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே துத்தநாகம்தான் இதிலும் இருக்கிறது, பயிருக்கும் அது துளியூண்டு வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். வாளியைப் பற்றிப் பேசியதுதான் நான் செய்த முதல் தப்பு. நடவு ஆட்கள் அத்தனை பேர் எதிரிலும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வாளிக்குப் பூசறத வயலுக்குப் போடச் சொல்றியே தம்பி, நெல்லுல இன்னா தண்ணி சேந்தவா போறோம்?"

எல்லாம் ஒண்ணு

துத்தநாக உப்பை சூப்பர் பாஸ்பேட் உரத்தோடு கலக்கக் கூடாது. கலந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பயிருக்கு எட்டாமல் போய்விடும். இதை அவரிடம் மூன்று தடவை சொன்னேன். போதாதென்று எழுதி மோட்டார் கொட்டகைக் கதவிலும் ஒட்டினேன். மறுநாள் காஞ்சிபுரம் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால், இரண்டையும் கடலைப் பிண்ணாக்கோடு ஒரே குவியலாகக் கொட்டி, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, வயல் முழுக்க இறைத்தாயிற்று. முதல் போகம் அதோடு பாழ். எழுதப் படிக்கத் தெரிந்த மனுஷர்! ஒட்டிய காகிதத்தைப் படித்தீர்களா என்று கேட்டேன். படித்தாராம்.

"நாம சோறு, கொயம்பு, மோரு எல்லாம் துன்றோம். வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணாத்தான தம்பி கீது?"

போர்டு

இரண்டாவது போகத்தில் யாரையும் நம்பவில்லை. பரிசோதனை வயல் என்று ரோட்டோரம் போர்டுகூட நானே நட்டேன். உப்பு படாத வேறு வயலில் ஒரு பாத்திக்கு என் கையாலேயே உப்பு போட்டேன். பக்கத்துப் பாத்திக்குப் போடவில்லை. இரண்டையும் ஒப்பிட்டால்தானே வித்தியாசம் தெரியும்? உதவிக்கு இருந்தது கன்னியம்மா. நடவு ஆட்களைக் கூட்டி வருபவள், சொன்னதைச் சொன்னபடி செய்வாள். இருபத்தைந்தாம் நாள் குருடனுக்குக்கூடத் தெரியும்: இந்தப் பாத்தி பச்சை, அந்தப் பாத்தி பழுப்பு.

சரியாக அன்றைக்கு மேலதிகாரி ஜீப்பில் வந்தார். வெள்ளைப் பேண்ட். பத்தடி இறங்கி வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் பார்த்து ஒரு வரி எழுதியிருந்தால் என் பிழைப்பு உருப்பட்டிருக்கும். ரோட்டிலிருந்தே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"பயிர் எங்கய்யா ஓடிப்போகுது? போர்டு சாஞ்சிருக்கு பாரு, அதை முதல்ல நிமிர்த்து."

பாவம் பண்ணாத பாத்தி

தங்கை கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் லீவில் போய்த் திரும்பினேன். பழுத்துக் கிடந்த பாத்தி பச்சைப் பசேலென்று நின்றது. யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள், கன்னியம்மா வெளியூர் நடவுக்குப் போயிருந்தாள். அறுவடையில் இரண்டு பாத்தியும் ஏறக்குறைய ஒரே விளைச்சல். "துத்தநாகத்தால் பயன் இல்லை" என்று எழுதும்படி மேலதிகாரி சொல்லியனுப்பினார். களத்தில் கன்னியம்மாவைப் பிடித்து, நான் இல்லாதபோது என்ன நடந்தது என்று கேட்டேன். ஒளிக்கவே இல்லை.

"நாங்க கூயு ஊத்துனாகூட ஒருத்தரை வுட்டுட்டுக் குடிக்க மாட்டோம் சார். இது துன்னுக்கினு கீது, அது பார்த்துக்கினு கீது. அது இன்னா பாவம் பண்ணுச்சு? கொட்டாய்ல மீந்த உப்ப அதுக்கும் போட்டேன்."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். பழையசீவரம் தாண்டி பஸ் போகும்போதுதான் என் மரமண்டையில் உறைத்தது. பட்டினியில் பழுத்தது, உப்பு போட்டதும் பிழைத்துக்கொண்டது. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? நேரே ஆபீசுக்கு ஓடி, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். மேலதிகாரி காபியை ஆற்றியபடி கேட்டுக்கொண்டார்.

"கூலி ஆள் பேச்சையெல்லாம் ரிப்போர்ட்ல ஏத்த முடியாதுய்யா. அந்தப் பொம்பளை பரிசோதனையைக் கெடுத்துட்டான்னு எழுதி, கீழே கையெழுத்துப் போடு."

துத்தநாகம் நெல்லுக்கு என்ன செய்யும் என்று அந்தத் தாலுகாவிலேயே செய்து காட்டியவள் கன்னியம்மா ஒருத்திதான், அவள் கெடுத்துவிட்டாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆராய்ச்சியாளன் நான்தான்.