பல்பைச் சோதித்தவர்

சிக்கனம் இல்லறத்தின் அணிகலன். கஞ்சத்தனத்தின் கறை படியாத சிக்கனம் தவத்துக்கு நிகர். அத்தவத்தை முப்பது ஆண்டுகள் நோற்றவர், வீடு வீடாகச் சென்று மின்மீட்டரைப் பார்த்துக் குறித்துவரும் கணக்கீட்டாளர் ஒருவர்.

எந்த வீட்டில் விளக்கு வீணாக எரிகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். தம் வீட்டுக் குண்டு பல்புகளை ஒன்று விடாமல் கழற்றி, ஒன்பது வாட் எல்.இ.டி. பல்புகளை மாட்டினார். கட்டணம் சரிந்த அந்த முதல் ரசீதை, மகளின் கல்யாணப் பத்திரிகை போல அலுவலகம் முழுவதும் காட்டினார்.

அவர் மனைவியார் வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைத்துக் கொடுப்பவர். சில மாதங்கள் கழித்து, "என்னங்க, வெளிச்சம் பத்தலை" என்றார்.

"வாட் குறைஞ்சா வெளிச்சம் குறையாதும்மா. மாடு கொஞ்சமாத் தின்னுட்டு அதே பாலைக் கறந்தா உனக்குக் கசக்குதா?"

"நான் மாட்டைச் சொல்லலை. ஊசி கோக்க முடியலைன்னு சொல்றேன்."

பிறிதொரு நாள் அம்மையார் நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டார். "கதவு நேத்தும் அங்கதானே இருந்துச்சு" என்று இவர் கேலி செய்தார். அம்மையாரும் சிரித்துவைத்தார்.

மூன்றாம் முறை அதே பேச்சு எழுந்ததும் இவருக்குத் தொழிற்கௌரவம் தலைதூக்கியது. பரணிலிருந்து பழைய பல்பொன்றை இறக்கி, புதியதன் அருகில் மாட்டி, இரண்டையும் மாற்றி மாற்றி எரியவிட்டார்.

"எது பளிச்சுன்னு இருக்கு? மனசாட்சியோட சொல்லு."

அம்மையார் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?" என்று வென்ற களிப்போடு ஏணியைவிட்டு இறங்கினார். இரண்டும் ஒரே அளவு மங்கலாகத் தெரிகின்றனவா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அன்றுமுதல் அம்மையார் வெளிச்சத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஊசி கோக்க மகளை அழைத்துக்கொண்டார்.

ஆறு மாதம் சென்றது. காஜாக்கள் கோணியிருப்பதாகத் துணிக்கடையிலிருந்து மூட்டை திரும்பி வந்த பிறகுதான், இவர் மனைவியைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போச்சு" என்றார் மருத்துவர். "போன பார்வை திரும்ப வராது. மிச்சத்தைச் சொட்டு மருந்தால காப்பாத்தப் பார்க்கலாம். ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா நிறைய மிஞ்சியிருக்கும். சார், வீட்ல இவங்க எதுவுமே சொல்லலையா?"

குரல் வந்த திசையை நோக்கி அம்மையாரே முந்திக்கொண்டார்.

"நான்தான் டாக்டர் சொல்லாம விட்டுட்டேன்."

கைவிரலால் எவரும் தொடாமலே கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது அவருக்கு. இன்று காலையும் மாலையும் அம்மையாரின் இமை விரித்து மருந்து விடுபவர் அவரே. சொட்டு குறி தவறிக் கன்னத்தில் வழிந்தால், துடைத்துவிட்டு மறுபடி விடுகிறார். "மெதுவா, அவசரமில்லை" என்கிறார் அம்மையார்.

அவ்விருவர் இல்லத்தில் எஞ்சிய பார்வை குன்றாது நிற்க. அவர் விடும் மருந்து குறி தவறாது விழ. அவர்கள் மகள் குறையேதுமின்றி வாழத் திருவருள் துணை நிற்க.