இரண்டு பேர் மட்டும் ஏறிய நிறுத்தம்

2012-ஆம் ஆண்டு. கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மக்கள் தினமும் எங்கிருந்து எங்கே, எப்படிப் போகிறார்கள் என்பதைக் கணினியில் சேர்ந்த தகவல்களிலிருந்து கண்டுபிடிப்பதுதான் என் வேலை. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை, தன் ஊழியர் பேருந்துகளின் தகவல்களைக் கொடுத்து, பயண நேரத்தைக் குறைக்க வழி கேட்டது. பேருந்து எங்கே எவ்வளவு நேரம் நின்றது, யாருடைய அடையாள அட்டை எந்த இடத்தில் வண்டியிலிருந்த மெஷினில் பதிவானது, எல்லாம் அதில் இருந்தது.

ஆய்வகத்தை விட்டு நகராமலே வேலையை முடித்தேன். வல்லம் வடகால் அருகே ஒரு நிறுத்தத்தில் தினமும் இரண்டு பேர்தான் ஏறுவதாகக் காட்டியது. அதற்காக வண்டி நான்கு நிமிடம் நிற்கிறது. அடுத்த நிறுத்தத்திலோ நல்ல கூட்டம். முதல் நிறுத்தத்தை எடுத்துவிடலாம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். எடுத்துவிட்டார்கள். அதை வைத்து எழுதிய கட்டுரை ஒரு கருத்தரங்குக்கும் தேர்வானது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்க்க, ஒருநாள் மதியம் இரண்டாம் ஷிஃப்ட் பேருந்தில் ஏறினேன். அந்த அடுத்த நிறுத்தத்தில் பதினைந்து இருபது பெண்கள் வியர்த்துக் கொட்ட, மூச்சு வாங்க ஏறினார்கள். ஒரு பெண்ணின் கையில் மாவுக்கட்டு. அவர்களில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் உள்ளூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். நான் யாரென்று விசாரித்தார். இரண்டு பேருக்காக நான்கு நிமிடம் வீணானதால் பழைய நிறுத்தத்தை எடுக்கச் சொன்னேன் என்றேன். அவர் சத்தம் போடாமல் கேட்டார்.

“ரெண்டே பேரு ஏறத்துக்கா மேடம், டிரைவரு நாலு நிமிசம் வண்டிய நிறுத்திக்கினு இருப்பாரு?”

அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. இவர்கள் எல்லோருமே பழைய நிறுத்தத்தில்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்கும் என்பதால், முதலில் ஏறுங்கள், அட்டையை அப்புறம் காட்டலாம் என்பாராம் டிரைவர். முன்னால் நிற்கும் இரண்டு பேர் மட்டும் உடனே காட்டுவார்கள். மற்றவர்கள் அடுத்த நிறுத்தத்தில் வண்டி நிற்கும்போது எழுந்து வந்து காட்டுவார்கள். இப்போது அவ்வளவு பேரும் வெயிலில், நடைபாதை இல்லாத சாலையோரமாக அடுத்த நிறுத்தம் வரை நடக்கிறார்கள். மாவுக்கட்டுப் பெண், திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருப்பவள். லாரிக்கு ஒதுங்கப் போய்ப் பள்ளத்தில் விழுந்திருக்கிறாள். இந்தக் கையோடு ஏன் வருகிறாய் என்று கேட்டேன்.

“லீவு போட்டா வேலை போயிரும்லா. ஒத்தக் கையால லேபிள் ஒட்டுதேன்” என்றாள்.

மறுநாளே கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அறிக்கையை மட்டும் திருத்தினால் போதுமே என்று என் பேராசிரியர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. அடுத்து தொழிற்சாலையின் போக்குவரத்து மேலாளரிடம் போனேன். மெஷின் சொன்னதைத்தானே எழுதினீர்கள், இப்போது என்ன வந்தது என்றார்.

“மெஷின் சரியாத்தான் சார் சொல்லிச்சு. நான்தான் தப்பாப் படிச்சேன்.”

ஆதாரம் கேட்டார். இரண்டு வாரம் தினமும் பழைய நிறுத்தத்திலிருந்து அந்தப் பெண்களோடு நடந்தேன். முதல் நாளே ஒரு லாரி உரசிக்கொண்டு போனதில், பள்ளத்தோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர்களோ கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று நடந்தார்கள். யார் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று நோட்டில் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு போய், என் அறிக்கை தவறு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மேலாளர் இழுத்தார். பதில் கிடைக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அவர் அறையிலேயே உட்கார்ந்தேன். அடுத்த திங்கட்கிழமை பேருந்து பழைய இடத்தில் நின்றது.

கட்டுரை போனதால் என் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெண்ணின் மணிக்கட்டு முழுதாகச் சரியாகவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த வருத்தம்தான், இன்றும் எந்த ஊரின் தகவலைக் கையில் எடுத்தாலும், முதலில் என்னை அந்த ஊர்ச் சாலையில் இறங்கி நடக்க வைக்கிறது.