வேதா எடுத்து வைத்த பிரதிகள்

கணவர் ராஜாராமனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, குரோம்பேட்டையில் ஒரு கிளினிக்கில் டயாலிசிஸ் என்று ஆனபோது, எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று வேதாவுக்குச் சொல்ல ஊரே இருந்தது. இளநீர் கூடாது, கீரை கூடாது, ஊறுகாய் கூடவே கூடாது. பின்னே எதைத்தான் சமைப்பது என்று சொல்லத்தான் ஆளில்லை.

தாம்பரத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்த வேதா, கிளினிக்கின் உணவு ஆலோசகரைத் துளைத்துத் துளைத்துக் கேட்டாள். காய்களை நறுக்கி வேகவைத்து, பொட்டாசியம் குறைய அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்கப் பழகினாள். பழகியதை எல்லாம் தமிழில் எழுதி, அஸ்தினாபுரம் வீட்டில் இருந்த கணினியில் தானே ஓர் இணையதளமும் உருவாக்கினாள். ஒவ்வொரு சமையல் குறிப்பின் கீழும் ராஜாராமனின் அபிப்பிராயம் ஒரு வரி இருக்கும். சுரைக்காய்க் கூட்டுக்கு, "பசி இருந்தால் இறங்கும்" என்று போடச் சொன்னார். அவளும் அப்படியே போட்டாள்.

திருநெல்வேலியிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் மின்னஞ்சல்கள் வந்தன. பலரும் கேட்டது மீன். வேதாவோ மீனைக் கையால் தொட்டவள் இல்லை. ராஜாராமனுக்குப் பக்கத்துப் படுக்கையில் குணா என்ற இளைஞனுக்கும் டயாலிசிஸ் நடந்தது. அவன் அம்மா அங்காளம்மாள், கோவளம் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்பவள். "கருவாடே கூடாதுன்னுட்டாங்க. ஆனா நல்ல மீனு, உப்பு கம்மியா, புளி கம்மியா வச்சா அவனுக்கு எறங்குது" என்றாள். அவள் சொல்லச் சொல்ல வேதா துண்டுக் காகிதங்களில் குறித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்ததும் காகிதங்களைக் கிழித்துப் போட்டாள். எல்லாம் முடிந்ததும் ஆலோசகரிடம் மொத்தமாகக் காட்டிவிட்டுத் தளத்தில் ஏற்றலாம் என்பது அவள் எண்ணம்.

அதற்குள், 2006 கோடையில், கணினி 'கடக் கடக்' என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் கணினி பழுதுபார்க்கும் எட்மண்ட் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு மேடம். உள்ள இருந்தது எதுவும் வராது."

"சைட் நெட்ல இருக்கே?"

"ஏத்தினது இருக்கும். ஏத்தாதது போச்சு."

புது டிஸ்க் போட்டு, இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாக இறக்கினாள் வேதா. சாம்பார் வந்தது, ரசம் வந்தது, ராஜாராமனின் கிண்டல்கள் அத்தனையும் வந்தன. மீன் பக்கங்களில் ஒன்றுகூட இல்லை. அங்காளம்மாளையும் இப்போது கிளினிக்கில் பார்க்க முடியாது. தன் சிறுநீரகங்களில் ஒன்றையே மகனுக்குக் கொடுத்துவிட்டு, அவனோடு குப்பத்துக்கே திரும்பியிருந்தாள்.

"விடேன் வேதா, நமக்கு எதுக்கு மீன்?" என்றார் ராஜாராமன்.

"நமக்கு இல்ல. கேட்டவங்களுக்கு நான் பதில் சொல்லியாகணும்" என்றாள் வேதா.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் மாறி மாறிக் கோவளம் போய், குப்பத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவைத் திறந்த அங்காளம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னாமா, சொன்னதையே திரும்பச் சொல்றதுக்கா இம்மாந்தூரம் வந்துகினு கீறே?"

"கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சுக்கா. எல்லாம் அழிஞ்சிடுச்சு."

"வூட்டுச் சாவிய ஒண்ணே ஒண்ணா வச்சிருப்பியா? தொலைஞ்சா இன்னா பண்ணுவே?" என்று கேட்டுக்கொண்டே பாயை விரித்தாள். இம்முறை குணாவும் உட்கார்ந்து அபிப்பிராயம் சொன்னான். வஞ்சிரத்தைவிடச் சங்கரா மேல் என்று அம்மாவோடு சண்டையே போட்டான். அதையும் வேதா விடாமல் எழுதினாள்.

திரும்பி வந்தவள் மீன் குறிப்புகளைத் தட்டச்சு செய்த கையோடு தளம் முழுவதையும் சிடியில் பதிந்தாள். பதிந்தால் போதுமா, திறக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? எட்மண்டின் கடைக் கணினியில் போட்டாள். திரை முழுக்கப் பூச்சி பூச்சியாக ஏதோ தெரிந்தது.

"சிடி நல்லாத்தான் இருக்கு மேடம். உங்க தமிழ் ஃபான்ட் இந்த மெஷின்ல இல்ல" என்றார் எட்மண்ட்.

வீட்டுக் கணினியில் என்றைக்கோ ஏற்றிய எழுத்துரு அது. அதையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மறுபடி பதிந்தாள், எழுத்துருவோடு. அதே கடையில் போட்டு, கடைசிப் பக்கம் வரை படித்துப் பார்த்த பிறகுதான் எழுந்தாள்.

பிறகு அது வழக்கமாயிற்று. புதிதாக எதை எழுதினாலும் மூன்று சிடி. ஒன்று வீட்டு அலமாரியில், ஒன்று அலுவலக மேஜையில், ஒன்று குன்றத்தூரில் தங்கை விஷ்ணுப்ரியா வீட்டில். "ஊறுகாய்தான் போடக் கூடாது, அதனால சிடியைப் போடறா" என்று ராஜாராமன் கேலி செய்தார். "வீட்டுக்குள்ள தண்ணி வந்தா அலமாரியும்தான் முழுகும்" என்றாள் அவள்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் இடி விழுந்து தெருவில் பாதி வீடுகளின் டிவி எரிந்தது. வேதாவின் கணினியும் கருகியது. அவள் அழவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எட்மண்ட் கடைக்குக் கிளம்பினாள். புதுக் கணினி வீட்டுக்கு வந்த அன்று சிடியைப் போட்டதும், ஆலோசகர் திருத்திக் கொடுத்த மீன் பக்கங்கள் உட்பட எல்லாமே எழுத்துச் சிதையாமல் திறந்தன.

ராஜாராமன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எல்லாம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அப்போ அந்தச் சுரைக்காய்க் கூட்டை மட்டும் அழிச்சிடேன்."

வேதா அவரைத் திரும்பியும் பார்க்காமல், முந்தின வாரம் சமைத்த புடலங்காய்ப் பொரியலைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.